தொகை சொல்பவரா, காகிதம் கேட்பவரா? விபத்து இழப்பீட்டு வழக்குக்கு வக்கீல் பிடிப்பது எப்படி

அக்கா வீட்டுக்காரர் எலும்பு முறிவு வார்டில் படுத்திருந்த இரண்டாவது நாள். பின்னால் வந்த வேன் இடித்ததில் வலது மணிக்கட்டும் தொடையும் முறிந்திருந்தன. ஆபரேஷனுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை. கையில் ஃபைலோடு ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார். நலம்கூட விசாரிக்கவில்லை. "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சாம்மா? ஸ்டேஷன்ல நம்ம ஆள் இருக்காரு. நீங்க ஒரு பைசா செலவு பண்ண வேணாம். பத்து லட்சம் வாங்கித் தர்றோம், அதுல முப்பது பர்சன்ட் மட்டும் எங்களுக்கு" என்றபடி இரண்டு தாள்களை நீட்டினார். இரண்டிலும் அச்சடித்த வரிகளுக்கு நடுவே எல்லாக் கோடுகளும் காலி. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

அக்கா பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். கடைசி நொடியில் என்ன தோன்றியதோ, "தம்பி வந்தப்புறம் சொல்றேண்ணா" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த மனிதர் சொன்ன நாலு வாக்கியங்களில் எத்தனை தப்பு இருந்தது என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அந்தப் புரிதலைத்தான் இங்கே எழுதுகிறேன். சாலை விபத்தில் அடிபட்டு, முதல்முறையாக நீதிமன்றப் படி ஏறப்போகும் குடும்பத்துக்கான விளக்கம் இது. நான் வக்கீல் இல்லை. ஒரு வழக்கோடு ஆரம்பம் முதல் முடிவு வரை கூடவே அலைந்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு தயக்கத்தைத் தள்ளி வைப்போம். "பாவம் அந்த டிரைவர், அவன் குடும்பத்தை எதுக்குக் கோர்ட்டுக்கு இழுக்கணும்?" என்று பலரும் வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988 சொல்கிறது. அந்தக் காப்பீடு இருப்பதே நம்மைப் போல அடிபட்டவர்களுக்காகத்தான். வழக்கில் டிரைவர், வண்டி உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். பாலிசி நடப்பில் இருந்தால் பணம் கட்டுவது நிறுவனம். காப்பீடு இல்லாத வண்டி என்றால்தான் உரிமையாளர் தலையில் விழும்.

வழக்கை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்த வேலையைப் பார்க்கிறது. மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், சில ஊர்களில் இதற்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றம். மனுவுக்கு எம்.சி.ஓ.பி. என்று நம்பர் விழும். கோர்ட் வாசலில் டீ குடிப்பவர்கள்கூட "எம்.சி.ஓ.பி. கேஸா?" என்றுதான் கேட்பார்கள். விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலோ எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலோகூடப் போடலாம். வேலூர் பக்கம் அடிபட்ட தென்காசிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் வக்கீல் வேண்டுமா என்றால், இல்லை. இடித்த வண்டி எது என்றே தெரியாமல் போனால் அதற்குத் தனி வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கான விண்ணப்பம் வருவாய்த்துறை அதிகாரியிடம் போகும், நீங்களே கொடுக்கலாம். சிகிச்சைச் செலவுக்கும் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம்வரை ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு. அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள். வேலைக்குப் போன இடத்தில், வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் கீழும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான், இரண்டு பக்கமும் வாங்க முடியாது. எந்தப் பக்கம் போனால் லாபம் என்பது வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி. ரயில் விபத்துக்கு ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம், தவறான சிகிச்சைக்குப் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையம் என்று பாதைகள் வேறு. அவற்றுக்குள் இங்கே போகவில்லை.

தப்பு யார் பக்கம் என்று நிரூபிக்காமலே கேட்கும் வழியும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று தொகையை நிர்ணயித்திருக்கிறார்கள். அதிகம் தேவைப்படுபவர்கள் 166-ஆவது பிரிவில் போகிறார்கள். அங்கே எதிராளியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. வக்கீல் உண்மையில் தேவைப்படுவது இந்த இரண்டாவது வழக்கில்தான்.

கெடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்தால், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். கட்டுப் பிரிக்கட்டும், நடக்க ஆரம்பிக்கட்டும் என்று இருந்தாலே நாலு மாதம் ஓடிவிடும்.

வக்கீலைத் தேடுவது

வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல 'விபத்து வழக்கா, எங்களை அழையுங்கள்' என்ற விளம்பரப் பலகை இங்கே சட்டப்படி வைக்க முடியாது. இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும், ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதையும் தடுக்கின்றன. இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பதுபோன்ற விவரங்கள் மட்டும் இருக்கலாம் என்று 2008-இல் விதியைத் தளர்த்தினார்கள். ஆகவே வார்டுக்குள் ஆள் அனுப்பும் வக்கீல், வழக்குத் தொடங்கும் முன்பே ஒரு விதியை மீறிவிட்டார். நம் விஷயத்தில் மட்டும் அவர் விதியை மதிப்பார் என்று எதை வைத்து நம்புவது?

பிறகு எப்படித் தேடுவது? நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் கடந்த சில ஆண்டுகளில் விபத்து வழக்கு நடத்தி முடித்த மூன்று குடும்பங்களைத் தேடிப் போனேன். "எவ்வளவு வந்தது?" என்று கேட்கவில்லை. தொகை ஒவ்வொருவர் காயத்தையும் சம்பாத்தியத்தையும் பொறுத்தது, ஒப்பிட்டுப் பயனில்லை. "போன் பண்ணா எடுப்பாரா? வாய்தாவுக்கு அவரே வந்தாரா, ஜூனியரா? பணம் யார் அக்கவுண்ட்ல வந்துச்சு?" இந்த மூன்றைத்தான் கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு ஒருவர் முகம் சுருங்கிப் போனது. அந்த வக்கீல் பெயரை அப்போதே அடித்துவிட்டேன்.

ஆட்களைத் தெரியாத ஊர் என்றால், சொத்து வழக்கோ வாடகை வழக்கோ நடத்தும் தெரிந்த வக்கீலிடம், "எம்.சி.ஓ.பி. யார் நல்லாப் பண்ணுவாங்க?" என்று கேளுங்கள். ஒரே பார் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் வேலைக்காரர், யார் வாய்தா வாங்கியே காலம் ஓட்டுபவர் என்பது அத்துப்படி. விவாகரத்தில் கெட்டிக்காரராக இருப்பவர் விபத்து வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. இதில் பாதி சட்டம், மீதி மருத்துவமும் கணக்கும். அதுபோல, காப்பீட்டு நிறுவனங்களின் பேனலில் இருப்பவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மை இடித்த வண்டியின் நிறுவனத்துக்கே அவர் ஆஜராகிறவர் என்றால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

பணம் இல்லை என்பதற்காக வார்டில் வந்த ஆளிடம் போகத் தேவையே இல்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பேச்சு உண்டு. சிலர் அப்படித்தான். காசு வாங்கியவர்களிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

முதல் சந்திப்பு

நாங்கள் கடைசியில் போன வக்கீலின் அறை, கோர்ட்டுக்கு எதிரே மாடியில், ஃபேன் சத்தத்தோடு இருந்தது. "எவ்வளவு சார் வரும்?" என்று அக்கா ஆரம்பித்தாள். அவர் பதில் சொல்லவில்லை. "ஏ.ஆர். காப்பி வெச்சிருக்கீங்களாம்மா?" என்றார்.

ஏ.ஆர். காப்பி என்பது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் டியூட்டி டாக்டர் எழுதுவது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், எங்கெங்கே காயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விபத்துக்குப் பிறகு எழுதப்படும் முதல் காகிதம் பெரும்பாலும் அதுதான். எஃப்.ஐ.ஆர்.கூட அதற்குப் பிறகுதான். அதனால் காப்பீட்டு நிறுவன வக்கீல் முதலில் புரட்டுவதும் அதைத்தான்.

எங்களுடையதை வாங்கிப் படித்தவர் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். பைக்கிலிருந்து கீழே விழுந்ததாக எழுதியிருந்தது. வேன் என்ற சொல்லே இல்லை. மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வழிப்போக்கர். இடித்ததை அவர் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தார், பார்த்ததைச் சொல்லிவிட்டார். தானாக விழுந்தால் வேன்காரர் மீது இழப்பீடே கேட்க முடியாது. ஒரு வரியில் வழக்கு மொத்தமும் போயிருக்கும். அந்த மாலையே வக்கீல் ஒரு பட்டியல் போட்டார். 108 ஆம்புலன்ஸ் பதிவு, இடித்ததைப் பார்த்த டீக்கடைக்காரர், வேனின் முன்பக்க அடி பற்றி மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதிய அறிக்கை, சம்பவ இட வரைபடம். இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் அந்த ஒரு வரியைத் தாண்டிவிடலாம் என்றார். இங்கே கிரிமினல் வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வார்டில் வந்தவர் தொகை சொன்னார், கையெழுத்துக் கேட்டார். இவர் தொகை சொல்லவில்லை, காகிதம் கேட்டார். எனக்குத் தெரிந்து வக்கீலைத் தரம்பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

முதல்முறை போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், ஆட்டோ டாக்சி ரசீதுகள், சம்பாத்தியத்துக்கான ஆதாரம், ஆதார், பான் கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். கோர்ட்டில் ஒரிஜினல் தாக்கல் செய்யும் நாள் வரும்போது என்னென்ன கொடுத்தோம் என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பில்களை மட்டும் உடனே ஜெராக்ஸ் எடுக்கவும். மருந்துக்கடை பில்லின் மை ஆறே மாதத்தில் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எங்களிடம் அப்படி ஒரு கத்தை இருந்தது.

போலீஸ் பக்கமும் ஒரு வேலை உண்டு. இப்போதைய விதிகளின்படி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் போலீசார் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அனுப்பினார்களா என்று ஸ்டேஷனில் கேளுங்கள், அல்லது வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காத இடத்தில் எதுவும் நகர்வதில்லை. அதே ஸ்டேஷனில் "சமாதானமாப் போயிடுங்க, ஆஸ்பத்திரிச் செலவ அவங்க பாத்துக்குவாங்க" என்று தாள் நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஃபீஸ்

சங்கடமான பேச்சு இதுதான், அதனாலேயே பலரும் பேசாமல் விடுகிறார்கள். வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. அமெரிக்காவில் அது சாதாரணம், இங்கே ஒழுங்கு மீறல். நடைமுறையில் கோர்ட் வாசலெங்கும் சதவீதப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மைதான். இருபது என்பார்கள், முப்பது என்பார்கள், சில இடங்களில் பாதி.

நாங்கள் பேசியது ரூபாயில். மனுப் போடும்போது இவ்வளவு, சாட்சி விசாரணை தொடங்கும்போது இவ்வளவு, அவார்டு, அதாவது தீர்ப்பாயத்தின் இழப்பீட்டு உத்தரவு, வந்தபின் இவ்வளவு. நகல் எடுக்க, டாக்டரைச் சாட்சிக்கு அழைக்க ஆகும் செலவு தனி, அதற்கு ரசீது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டோம். வக்கீல் சிரித்துக்கொண்டே, "இப்படி எழுதிக் கேட்ட கட்சிக்காரர் நீங்கதான்" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வக்காலத்து என்பது 'எனக்காக இவர் ஆஜராகலாம்' என்று நாம் கொடுக்கும் அதிகாரம். அதில் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் நம் பெயர், எதிர்மனுதாரர் பெயர், வக்கீலின் பெயர், பதிவு எண் எல்லாம் நிரப்பியபின் போடுங்கள். வெற்றுத் தாள், வெற்றுப் பத்திரம், நிரப்பாத செக் எதிலும் கூடாது. பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் "ஆபீஸ்லயே இருக்கட்டும்" என்று கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இழப்பீட்டுத் தொகையை அடிபட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரோடு இருக்கட்டும்.

இன்னொன்று. இடித்த வண்டிக்குக் காப்பீடு இல்லை என்று தெரிந்ததும், "காப்பீடு உள்ள வேற வண்டியப் போட்டுக்கலாம், டிரைவரை மாத்திக்கலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது மோசடி. மாட்டினால் இழப்பீடு போவது மட்டுமல்ல, குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாம்.

தொகை எப்படிப் பிறக்கிறது

இந்தக் கணக்கு தெரிந்தால் வக்கீல் எதற்காக அலையவிடுகிறார் என்பது புரியும். மாமா தச்சு வேலை செய்பவர், வயது 33. மாத வருமானம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. இதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். வயதுக்கு ஏற்ப அந்த எண் மாறும் அட்டவணை 2009-இல் சரளா வர்மா வழக்கில் வந்தது. 31 முதல் 35 வயதுவரை 16. பெருக்கினால் 48,38,400. வேலை செய்யும் திறனே முழுதாகப் போனால் வருமான இழப்பு இவ்வளவு.

இனி ஊனம் எத்தனை சதவீதம்? மருத்துவக் குழு கையைப் பார்த்து 30 என்று எழுதுகிறது என்று கொள்வோம். அப்படியே எடுத்தால் 14,51,520. ஆனால் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. டாக்டர் சொல்லும் உடல் ஊனம் வேறு, அந்த மனிதரின் தொழிலில் அது ஏற்படுத்தும் இழப்பு வேறு. அதே மணிக்கட்டுக் காயம் ஒரு கணக்கருக்கு ஒரு மாதிரி, தச்சருக்கு வேறு மாதிரி. தீர்ப்பாயம் அதை 50 சதவீதத் தொழில் இழப்பு என்று ஏற்றுக்கொண்டால் தொகை 24,19,200. ஒரே காயத்துக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

இதற்கு நேர்மாறான கணக்கும் இருக்கிறது. காயம் தொழிலைப் பாதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால் பெருக்கு எண்ணுக்கே போகாது. ஒரு சதவீத ஊனத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று போட்டு முடித்துவிடும். சதவீதத்துக்கு 5,000 என்றால் 30 சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம்தான். ஒன்றரை லட்சமா, இருபத்து நான்கு லட்சமா என்பதைத் தீர்மானிப்பது வக்கீலின் வாதமும், கட்சிக்காரர் கூண்டில் சொல்லும் பதிலும், கையில் இருக்கும் ஆதாரமும். இதன்மேல் மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, சத்துணவு, போக்குவரத்து என்று தனித்தனித் தலைப்பில் சேரும். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

வருமான ஆதாரம்தான் கூலிக்காரர்களுக்குத் தலைவலி. சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஒரு உத்தேச வருமானம் வைக்கும், அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மாமாவுக்கு மரக்கடைக்காரரின் சாட்சியம், மூன்று வீட்டுக்காரர்கள் போன் வழியாகப் பணம் அனுப்பிய வங்கி வரவு, நலவாரிய அட்டை ஆகியவற்றைத் திரட்டினோம்.

வழக்கு நடக்கும்போது

வக்கீலிடம் கொடுத்துவிட்டோம், இனி அவர் பாடு என்று இருக்க முடியாது. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். அந்த எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். தினம் போன் போட்டு "என்ன சார் ஆச்சு?" என்று கேட்பதைவிட, வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு "இந்தத் தடவை எங்க தரப்புல என்ன வேணும் சார்?" என்று கேட்டால் அவருக்கும் எரிச்சல் வராது.

கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்ல வேண்டியவை உண்டு. பழைய காயம், ஏற்கெனவே இருந்த நோய், லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது, ஹெல்மெட் போடவில்லை, குடித்திருந்தார். எதுவானாலும் எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்குள் நம் வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில்தான் அவருக்கே தெரியவந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் வீட்டுக்கு வந்து அன்பாகப் பேசி வாக்குமூலம் எழுதி வாங்கப் பார்ப்பார். மரியாதையாக உட்காரவைத்து, வக்கீலின் நம்பரைக் கொடுத்து அனுப்புங்கள்.

கூண்டில் ஏறிய அன்று மாமாவிடம் எதிர்த்தரப்பு வக்கீல், "இப்பவும் வேலைக்குப் போறீங்கதானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம், ஏனென்றால் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். மாமா சொன்னார்: "போறேன் சார். அளவு எடுப்பேன், கோடு போடுவேன். உளி பிடிக்க முடியுது. இழைப்புளி தள்ள முடியல, மணிக்கட்டு விட்டுடுது. அதுக்கு ஒரு பையனைக் கூட வெச்சிருக்கேன், அவனுக்குக் கூலி நான் குடுக்கறேன்." எங்கள் வக்கீல் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, குறித்துக்கொண்டார்.

நடுவில் மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்குப் போகலாம். நிறுவனம் ஒரு தொகை சொல்லும், ஒத்துக்கொண்டால் அன்றே முடிந்துவிடும். வேகம்தான் அதன் பலம். அங்கே போடும் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அதனால் வக்கீல் "வாங்கிக்கலாம்" என்றால், மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணக்கில் 15 லட்சம் வருகிற வழக்கில் 12-க்கு ஒத்துக்கொள்வது பல குடும்பங்களுக்கு நியாயமான முடிவு. 4-க்கு ஒத்துக்கொள்ளச் சொன்னால் காரணம் கேட்க வேண்டும். முடிவு கட்சிக்காரருடையது, வக்கீலுடையது அல்ல.

அவார்டு குறைவாக இருப்பதாகப் பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. நிறுவனமும் மேல்முறையீடு போகலாம், ஆனால் முதலில் சட்டம் சொல்லும் தொகையை டெபாசிட் செய்துவிட்டுத்தான் போக முடியும். பணம் டெபாசிட் ஆனதும் அதை எடுக்கத் தனியாக மனுப் போட வேண்டும், கோர்ட் பேச்சில் அது 'செக் பெட்டிஷன்'. பலரும் அவார்டு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். குழந்தைகளின் பங்கை அவர்கள் மேஜராகும்வரை வங்கி வைப்பில் போடச் சொல்வார்கள். அதை எடுக்க முடியவில்லையே என்று வக்கீலிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

வக்கீல் சரியில்லையென்றால் மாற்றலாம். அது நம் உரிமை. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புதியவர் வக்காலத்துப் போடுவார். தர மறுத்தால் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம். "ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டு தர மாட்டேன்" என்று வழக்குக் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் அவர் அதைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பணத்தைக் கையாடுவது, தெரியாமல் சமரசம் செய்துகொள்வதுபோன்ற பெரிய தவறு என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆனால் வாய்தா தள்ளிப்போவதெல்லாம் வக்கீல் குற்றமில்லை. நீதிபதி லீவு, டாக்டர் சாட்சிக்கு வரவில்லை, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது என்று எங்களுக்கே எத்தனையோ தடவை வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது.

வார்டில் வந்த அந்த மனிதரைப் பிறகு ஒருமுறை கோர்ட் வளாகத்தில் பார்த்தேன். அதே ஃபைல். கையில் கட்டோடு நின்ற ஒரு பெரியவரிடம் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "ஐயா, ஏ.ஆர். காப்பி வாங்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார், அப்புறம் அந்தத் தாளைப் பார்த்தார். "அது என்னப்பா?" என்றார்.